கசியும் கம்ப்ரசர்

வெயிலைத் தணிக்க விரும்புதல் மக்களின் இயல்பு. மரநிழலும் மண்பானைத் தண்ணீரும் பனையோலை விசிறியும் அவ்விருப்பத்தின் பயனாகத் தோன்றியவையே. விருதுநகர், சாத்தூர், சிவகாசி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசற் சீமையில் மழை குறைவு, வெயில் மிகுதி. அவ்வறட்சியே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் உற்ற துணையாயிற்று. ஆயினும், சித்திரை வைகாசித் திங்களில் நண்பகற்பொழுதில் அவ்வழியே மோட்டார் வண்டியிற் செல்வார்க்கு அதுவே பெருந்துன்பமாகும். அத்துன்பத்தை நீக்கவந்த குளிர்சாதனத்தைப் பற்றியும், பழைய வண்டிகளில் அதற்கு நேரும் ஒரு நோயைப் பற்றியும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

காற்றைப் பதப்படுத்துங் கலை முதன்முதல் மக்களின் சுகத்திற்காகத் தோன்றியதன்று. அச்சுத் தொழிலுக்காகத் தோன்றியது. நியூயார்க்கு நகரின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் போகவே, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிய வேண்டிய வண்ணங்கள் இடம் விலகிப் பதிந்தன. இதனைத் தீர்க்க வில்லிஸ் காரியர் என்னும் இளைஞர் 1902-ஆம் ஆண்டில் காற்றின் ஈரத்தையும் வெப்பத்தையும் ஆளும் பொறி ஒன்றை வகுத்தார். பலவண்ண நாட்காட்டிகளை அச்சிடும் சிவகாசியார்க்கு இவ்வரலாறு அயலான செய்தியன்று.

மோட்டார் வண்டிக்கு இக்கலை வந்தது 1939-ஆம் ஆண்டின் இறுதியில். அமெரிக்காவின் பாக்கார்டு கம்பெனியார் தம் 1940-ஆம் ஆண்டு வண்டிகளில் இதனை அமைத்தனர். அவ்வண்டியில் கம்ப்ரசரை நிறுத்த வேறு வழியில்லை. எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கையாற் கழற்ற வேண்டும். பின்னர் மின்காந்தக் கிளட்ச் வந்து அத்தொல்லையை ஒழித்தது.

நம் நாட்டில் பழைய வண்டி என்றவுடன் நினைவிற்கு வருவது அம்பாசிடர். ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வழித்தோன்றலாகிய அது, 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை வங்காளத்தின் உத்தரபாராவிற் செய்யப்பட்டது. தொடக்க நாளில் அதற்குக் குளிர்சாதனம் இல்லை. வசதியுடையோர் பின்னர்த் தனியே வாங்கி, டாஷ்போர்டின் அடியிற் பொருத்திக்கொண்டனர். பிற்கால வண்டிகள் சில அதனோடே வந்தன. அத்தகைய வண்டிகளைப் போற்றி வைத்திருப்போர் இன்றும் உளர். அவர்கள் கோடைதோறும் கூறும் முறையீடு ஒன்றே: "கேஸ் நிற்கவில்லை." அதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் மருந்தும் ஒன்றே: "கேஸ் அடித்துவிடலாம்."

இம்மருந்து மருந்தாகுமா என்பதே இக்கட்டுரையின் வினா. திருவள்ளுவனார் மருத்துவனுக்கு வகுத்த முறை யாவரும் அறிந்ததே. நோய் இன்னதெனத் தெளிதல், அதன் காரணத்தை ஆராய்தல், தணிக்கும் வழியைத் தேர்தல், பிறகு பிழையின்றிச் செய்தல் என்பன அவை. உடலுக்கு உரைத்த இம்முறை பொறிக்கும் பொருந்தும்.

சாதனத்தின் இயல்பு

நோயை அறியுமுன் உடலின் இயல்பை அறிதல் வேண்டும். குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. வண்டியின் உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய் விடுகிறது. அதற்கு ஏவலாளாக நிற்பது ஒரு வாயு. தண்ணீர் 100 பாகையிற் கொதிக்கிறது. பழைய வண்டிகளில் நிரப்பப்பெற்ற ஆர்-12 என்னும் வாயுவின் திரவமோ, பூச்சியத்திற்குக் கீழ் ஏறத்தாழ 30 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கும் பொருள் தன்னைச் சூழ்ந்தவற்றின் வெப்பத்தைக் கவரும். வண்டியின் உள்ளே இருக்கும் கூலிங் காயிலில் அத்திரவம் கொதிக்கும்போது காற்றுக் குளிர்கிறது. அவ்வாறு ஆவியானதை கம்ப்ரசர் உறிஞ்சி, அமுக்கி, முன்புறத்துள்ள கண்டென்சருக்கு அனுப்புகிறது. ஆங்கு அது வெப்பத்தை வெளிக்காற்றிற்கு ஈந்து மீண்டும் திரவமாகிறது. டிரையர் என்னும் குப்பி அதன் ஈரத்தை வாங்கிக்கொள்ள, எக்ஸ்பான்ஷன் வால்வு அளவாக அதனை உள்ளே விடுகிறது. இச்சுற்று முடிவின்றி நிகழ்வது.

ஆகவே வாயு செலவாகும் பொருளன்று. பெட்ரோல் எரிந்து தீரும். இவ்வாயு எரிவதுமில்லை, தேய்வதுமில்லை. அது குறைந்ததாயின் எங்கோ ஒரு வழியாக வெளியேறியிருத்தல் வேண்டும். இவ்வொன்றை மனத்திற் கொண்டால் "ஆண்டுக்கொருமுறை கேஸ் அடிக்க வேண்டும்" என்னும் பேச்சின் பொருந்தாமை விளங்கும்.

நோயை அறிதல்

வாயு குறைந்ததைக் கேஜ் காட்டுமே என்பர் சிலர். ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. எஞ்சின் நின்றிருக்கும்போது, உள்ளே ஒரு துளி திரவம் எஞ்சியிருக்கும் வரையில் அழுத்தம் குறையாது. அது வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. ஆர்-134ஏ நிரப்பிய வண்டியில் 35 பாகை வெயிலில் கேஜ் ஏறத்தாழ 114 பவுண்டு காட்டும். நிறைந்திருப்பினும் அதுவே, பாதி போயிருப்பினும் அதுவே. சமையல் சிலிண்டரின் அடுப்புச் சுடர் கடைசி நாள் வரையில் ஒரே தன்மையாக நின்று திடீரென அணைவதை நம் இல்லங்களிற் காண்கிறோமன்றோ? ஆதலின் வாயுவின் அளவை எடையால் அறிய வேண்டுமேயன்றி, நின்ற அழுத்தத்தால் அறிதல் இயலாது.

கசியும் இடத்தைக் காண முதற்கருவி கண்ணே. வாயு வெளிப்படும்போது அதனோடு கம்ப்ரசர் எண்ணெயும் வெளிப்படும். கரிசற் புழுதி அவ்விடத்திற் படிந்து கறையாக நிற்கும். குழாய்களின் மூட்டு, ஹோஸ், கண்டென்சரின் முகம் ஆகியவற்றை இங்ஙனம் பார்த்துவரலாம். கிளட்சின் முகத்திலும் அதற்கு நேர்மேலே வண்டிமூடியின் அடியிலும் எண்ணெய் வளையமாகத் தெறித்திருப்பின், கசிவு கம்ப்ரசரின் தண்டு வெளிவரும் வாயிலில் என்று கொள்ளலாம். அவ்விடத்துச் சிறிது ஈரம் இருத்தல் குறையன்று, தெறிப்பே குறை. பின்னர்ச் சோப்பு நுரையும் மின்னணுக் கருவியும் ஐயத்தை நீக்கும்.

முற்காலத்து மெக்கானிக்குகள் வேறொரு கருவியைக் கையாண்டனர். அது ஒரு சிறு விளக்கு. அதன் சுடர் ஒரு செம்புத் தகட்டைச் சுடவைக்கும். கசியும் வாயு அச்சுடருட் புகுந்தால் சுடர் பச்சையாகும். கசிவு மிகுந்தால் நீலமாகும். ஆர்-12 வாயுவில் உள்ள குளோரின் செம்போடு கூடுவதால் நிகழும் மாற்றம் இது. மத்தாப்பில் நீல ஒளி பிறப்பதும் செம்பும் குளோரினும் கூடுவதனாலேயே. சிவகாசியார் விழாவிற்காகச் செய்யும் வண்ணத்தை மெக்கானிக்கு நோயறியப் பயன்படுத்தினான் என்க. ஆயினும் அவ்விளக்கு இந்நாளில் வேண்டற்பாலதன்று. ஆர்-134ஏ வாயுவிற் குளோரின் இன்மையால் விளக்கு அதனைக் காட்டாது. ஆர்-12 வாயுவோ தீயிற் பட்டால் நச்சுப் புகைகளாக மாறும். முதல் உலகப் போரிற் படைஞரைக் கொன்ற பாஸ்ஜீனும் அவற்றுள் ஒன்று. மேலும், வெடிமருந்து ஏற்றிய லாரிகள் போய்வரும் ஊர்களில் திறந்த சுடருடன் பட்டறையிற் குனிதல் அறிவுடைமையாகாது.

காரணத்தை ஆராய்தல்

கம்ப்ரசர் ஏன் கசிகிறது? வீட்டு ஐஸ் பெட்டியில் மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே இரும்புக் கூட்டினுள் அடைபட்டுள்ளன. வாயு வெளிவர வாயிலே இல்லை. மோட்டார் வண்டியிலோ கம்ப்ரசரைச் சுழற்றுவது வெளியிலுள்ள எஞ்சின். ஆதலின் அதன் தண்டு கூட்டைத் துளைத்து வெளியே வந்தே தீரவேண்டும். சுழலுந் தண்டிற்கும் நிலைத்த கூட்டிற்கும் இடையே வாயுவை நிறுத்துவது ஓர் எளிய அமைப்பு: மெருகேற்றிய ஒரு வளையம், அதன்மேல் வில்லால் அழுத்தப்பெற்று உராயும் ஒரு கரி வளையம், பின்னே ஒரு ரப்பர் ஓ-ரிங். இவ்விரு முகங்களின் இடையே நிற்கும் மெல்லிய எண்ணெய்ப் படலமே உண்மையான கதவு. எண்ணெய் நீங்கினால் கதவு திறந்ததாகும்.

பழைய வண்டிகள் ஓட்டத்தால் கெடுவதினும் ஓய்வால் கெடுவது மிகுதி. திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் மட்டுமே வெளிவரும் வண்டியில் கம்ப்ரசர் மாதக்கணக்கிற் சுழல்வதில்லை. எண்ணெய் கீழே வடிந்துவிட, சீல் உலர்கிறது, ரப்பர் இறுகுகிறது, வாயு சிறிது சிறிதாக வழி கண்டுகொள்கிறது. வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் குளிர்சாதனத்தை ஓடவிடின் இந்நோயிற் பெரும்பகுதி வராமற் காக்கலாம். மார்கழியிலும் இதனைச் செய்தல் வேண்டும். எளிமையாலேயே பலராற் புறக்கணிக்கப்படும் மருந்து இது.

இனி, கசிவை நாடாமல் கேஸ் மட்டும் அடிப்பதால் விளைவது யாது? வாயுவோடு எண்ணெயும் போகிறதென்று மேலே கண்டோம். ஒவ்வோராண்டும் வாயு மீண்டும் வருகிறது, எண்ணெய் மீள்வதில்லை. இறுதியில் உலர்ந்த பிஸ்டன்கள் உராய்ந்து கம்ப்ரசர் "பிடித்துக்கொள்கிறது." தேய்ந்த உலோகப் பொடி குழாயெங்கும் பரவுகிறது. ஒரு சிறு சீலை மாற்றாத சோம்பல், கம்ப்ரசரையும் கண்டென்சரையும் வால்வையும் ஒருங்கே பலிகொள்கிறது.

மாற்றுவதா, செப்பனிடுவதா?

இவ்வினாவிற்கு விடை கம்ப்ரசரின் எண்ணெயில் உள்ளது. வடித்த எண்ணெய் தெளிவாக இருந்து, தண்டைக் கையாற் பற்றி ஆட்டினால் அசைவின்றி, சுழற்றினால் தடையின்றி இருப்பின், உடல் நலமுடையது. கதவு மட்டுமே பழுது. அதனைச் செப்பனிடுதலே முறை. எண்ணெய் கறுத்து உலோகப் பொடி மின்னுமாயின், புதிய சீல் பயன் தராது. கம்ப்ரசரை மாற்றவே வேண்டும்.

செப்பனிடும் வழி வருமாறு. முதற்கண் உள்ளிருக்கும் வாயுவைக் காற்றில் விடாது, அதற்குரிய பொறியால் தனிச் சிலிண்டரிற் சேர்த்தல் வேண்டும். கண்ணாடியும் கையுறையும் அணிதல் கட்டாயம். தெறிக்கும் திரவம் கண்ணில் பட்டால் அக்கணமே உறையச் செய்யும். பின்பு பெல்ட்டை நீக்கி, புல்லரால் கிளட்சின் முகத்தைக் கழற்றி, பூட்டு வளையத்தை எடுத்தால் சீல் தோன்றும். யார்க் என்னும் பழைய இரண்டு பிஸ்டன் கம்ப்ரசரில் இவ்வேலையை வண்டியினின்று இறக்காமலே செய்யலாம்; வேறு சிலவற்றிற்குத் தனிக் கருவிகள் வேண்டும். தண்டின்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தல் வேண்டும். நகம் சிக்கும் பள்ளம் இருப்பின் புதுச் சீலும் நில்லாது. கரி வளையம், அதன் எதிர் வளையம், ஓ-ரிங் மூன்றையும் ஒரு தொகுதியாகவே மாற்றுதல் வேண்டும். பழைய முகத்தோடு புதிய முகம் இசையாது. மெருகேற்றிய முகத்தை விரலால் தொடுதலும் ஆகாது. தூய கம்ப்ரசர் எண்ணெயில் நனைத்து, நேராக அமர்த்தி, கையாற் பலமுறை சுழற்றிய பின்னரே மற்றவற்றைப் பூட்டுதல் வேண்டும்.

கம்ப்ரசரையே மாற்றுவோர், யார்க் போன்ற கனத்த பழையவற்றிற்கு ஈடாக, ஜப்பானியரின் சான்டன் ஐந்து பிஸ்டன் கம்ப்ரசர்களைப் பொருத்துவதுண்டு. அவை எடை குறைந்தவை, அதிர்வும் குறைவு. ஆயினும் தாங்கும் பிராக்கெட் உறுதியாகவும், புல்லிகள் மூன்றும் ஒரே கோட்டிலும் இருத்தல் வேண்டும். இல்லையேல் பெல்ட்டு நில்லாது. பழைய கம்ப்ரசரினின்று வடிந்த எண்ணெயை அளந்து, அவ்வளவே புதியதில் இருக்கச் செய்தல் வேண்டும். இருவழியிலும் டிரையரைப் புதிதாக இடுதல் தவறாத விதி. உலோகப் பொடி பரவியிருப்பின் குழாய்களைக் கழுவுதலும் வால்வை மாற்றுதலும் வேண்டும்.

முடிவில் வேக்குவம் பம்பு. நல்ல வேக்குவத்தில் நம் ஊர் வெப்பத்திலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும். அவ்வாவியை வெளியேற்றவே பம்பு ஒரு மணி நேரமேனும் ஓடுதல் வேண்டும். எஞ்சிய ஈரம் வால்வில் உறைந்து வழியை அடைக்கும். வாயுவோடும் எண்ணெயோடும் கூடி அமிலமாகி உலோகத்தைத் தின்னும். ஈரம் எத்துணைக் கொடியதென்பதை ஐப்பசி மழையில் மருந்து உலர்த்த இயலாது வருந்தும் பட்டாசுத் தொழிலாளர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

எந்த வாயு?

ஆர்-12 வாயு 1928-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பாரது முயற்சியாற் கிடைத்தது. எரியாது, உயிர்க்குக் கேடு செய்யாது என்று அதனை உலகம் போற்றிற்று. 1974-இல் மோலினா, ரோலண்டு என்னும் இரு வேதியலறிஞர்கள் அது வானுயர்ந்து, ஞாயிற்றின் புறஊதாக் கதிரினின்று நம்மைக் காக்கும் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று காட்டினர். 1985-இல் அண்டார்க்டிக்காவின் மேல் அப்படலம் மெலிந்திருத்தல் வெளியாயிற்று. 1987-இல் மான்ட்ரீல் உடன்படிக்கை எழுந்தது. இந்தியா 1992-இல் அதிற் சேர்ந்தது. தமிழ்நாட்டின் மேட்டூரிலும் செய்யப்பெற்ற இவ்வின வாயுக்களைக் குளிரூட்டுந் தொழிலுக்காகச் செய்வதை, 2010 வரை தவணை இருந்தும், 2008-ஆம் ஆண்டிலேயே நம் நாடு நிறுத்திற்று.

ஆகவே இக்காலத்துச் செப்பனிடுவோர் பெரும்பாலும் ஆர்-134ஏ வாயுவிற்கு மாறுகின்றனர். பெயர் மாறினாற் போதாது; உடலும் மாற வேண்டும். பழைய மினரல் எண்ணெய் இப்புதுவாயுவோடு கலந்து ஓடாது. எஸ்டர் அல்லது பாக் எண்ணெய் வேண்டும். ஓ-ரிங்குகளையும் அதற்கேற்றனவாக இடுதல் வேண்டும். இரு வாயுக்களையும் கலத்தல் கூடாது. 60 பாகை வெப்பமுள்ள கண்டென்சரில் ஆர்-12 ஏறத்தாழ 15 வளிமண்டல அழுத்தங் கொள்ள, ஆர்-134ஏ ஏறத்தாழ 17 கொள்ளும். நம் கோடையில் இவ்வேறுபாடு சிறிதன்று. ஆதலின் பெரிய கண்டென்சரும் நல்ல மின்விசிறியும் துணை வேண்டும். வாயுவையும் பழைய எடையிற் சற்றுக் குறைத்தே நிரப்புவர்.

புதுவாயு ஓசோனைக் கெடுப்பதில்லை, எனினும் குற்றமற்றதன்று. ஒரு கிலோ ஆர்-134ஏ காற்றிற் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 1,400 கிலோ கரியமில வாயுவிற்கு ஒப்பாகப் பூமியைச் சூடாக்கும். ஏறத்தாழ 600 லிட்டர் பெட்ரோல் எரிப்பதற்கு அது சமம். கோடைதோறும் கேஸ் அடித்துக் காற்றில் விடுவோர், தாம் குளிர்வதற்காகத் தம் மக்களின் கோடையைக் கொடியதாக்குகின்றனர்.

விலக்க வேண்டியவை

பட்டாசுச் சீமைக்குச் சிறப்பாக இரண்டு விலக்குகளைக் கூறல் வேண்டும். முதலாவது, கசிவு காண ஆக்சிஜனை உள்ளே செலுத்துதல். வெல்டிங் சிலிண்டர் அருகில் நிற்பதால் இவ்வெண்ணம் எளிதில் எழும். ஆயின், உயர்ந்த அழுத்தத்தில் ஆக்சிஜனும் எண்ணெயும் கூடினால் வெடிக்கும். வெடியுப்பு, கந்தகத்தையும் கரியையும் கணத்தில் எரிப்பது தன்னுள் அடங்கிய ஆக்சிஜனாலன்றோ? கம்ப்ரசரினுள் ஆக்சிஜனைச் செலுத்துபவன் அறியாமலே ஒரு வெடியைச் செய்கின்றான். அதற்குரியது உலர்ந்த நைட்ரஜன், அதுவும் ரெகுலேட்டருடன். வெறுங்காற்றும் தகாது, அதில் ஈரமும் உண்டு, ஆக்சிஜனும் உண்டு.

இரண்டாவது, விலை மலிவென்று சமையல் வாயு இனத்து எரிவாயுவை நிரப்புதல். அதன் அழுத்தம் ஆர்-12 வாயுவை ஒத்திருப்பதால் வண்டி குளிரும், அதுவே ஏமாற்றம். வீட்டு ஐஸ் பெட்டியில் அவ்வினம் உண்டே எனின், ஆங்கு அஃது அடைபட்ட கூட்டினுள், சிற்றளவாய், அதற்கென வகுத்த அமைப்பில் உள்ளது. கசியும் பழைய வண்டியிலோ அது பயணிகள் அமர்ந்திருக்கும் அறையினுள்ளேயே கசியக்கூடும். அவ்வறையில் ஒருவர் தீக்குச்சி உரசினால் யாதாகும்? உரசினால் எரியும் பொருளோடு நாள்தோறும் பழகும் நம்மவர்க்கு இதனை விரித்துரைத்தல் மிகை.

முடிவுரை

கசிவைக் காணாது கேஸ் அடித்தல் மருந்தன்று. உடல் நலமாயின் சீலை மாற்றுக. உடல் தேய்ந்ததாயின் கம்ப்ரசரை மாற்றுக. எதுவாயினும் பழைய வாயுவைச் சேமித்து, ஈரத்தை நீக்கி, எடையிட்டு நிரப்புக. பின் வாரந்தோறும் சிறிது ஓடவிடுக. இவ்வளவே இத்தொழிலின் சாரம்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு இஃது என்ன ஆராய்ச்சி என்று வினவலாம். பட்டறையில் வேலை கற்கும் சிறுவன் தமிழன்றி வேறு மொழி அறியான். அவன் கைக்கு வரும் கம்ப்ரசரின் குறிப்பேடும் சிலிண்டரின் எச்சரிக்கையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. "ஆக்சிஜன் ஆகாது, நைட்ரஜனே வேண்டும்" என்னும் ஒரு வரி அவன் படிக்கும் எழுத்தில் இருப்பின் அவன் கையும் கண்ணும் உயிரும் பிழைக்கும். சீல் கசிகிறது, கம்ப்ரசர் பிடித்துக்கொண்டது, கேஸ் நிற்கவில்லை எனப் பட்டறையார் நாவில் இத்தொழிலுக்குரிய தமிழ் ஏற்கெனவே பிறந்துள்ளது. அதனைக் கேட்டுத் தெளிந்து, பிழையற எழுதி அவர்களுக்கே திருப்பித் தருதல் தமிழ் கற்றாரின் கடமை. விருதுநகர்ச் சீமையில் பிறந்தோர் அயலூர் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து, தம் ஊரையே அதன் தலையூராக ஆக்கினர். அவ்வூக்கம் தொழில்நூல் எழுதுவதிலும் தோன்றுமாக.